ஒரே டிராகன், புதிய நிலைகள்: ஒரு சிற்ப வரிசையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கற்பனை விலங்குகளைச் சிறு சிற்பங்களாகச் செய்து, எண்ணிட்ட வரிசைகளாகச் சேகரிப்பாளர்களுக்கு விற்கும் ஒரு சின்னப் பட்டறையில் நடந்தது இது. களிமண்ணில் உருவம் பிடிக்கும் சிற்பி ஒருவர், வண்ணம் தீட்டுபவர் ஒருவர், விற்பனையையும் பொதி கட்டி அனுப்புவதையும் பார்ப்பவர் ஒருவர். அச்சும் வார்ப்பும் என் பொறுப்பு. அதனால் இந்தப் பதிவில் வார்ப்புக்காரரின் பார்வை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

முதல் வரிசையில் வந்தது ஒரே ஒரு டிராகன். நான்கு கால், முதுகில் இரண்டு சவ்வுச் சிறகுகள், நீண்ட வால். பின்கால்களை மடித்து உட்கார்ந்து, முன்கால்களை ஊன்றி, கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும் நிலை. சிறகுகள் பாதி விரிந்திருக்கும். உயரம் சுமார் 25 சென்டிமீட்டர். சிலிகான் அச்சில் பாலியூரிதேன் ரெசினை (திரவமாக ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் ஒரு வகை பிளாஸ்டிக்) வார்த்து, கையால் வண்ணம் தீட்டியது. அந்த வரிசை முழுவதும் விற்றுப் போனது. அப்புறம் வாங்கியவர்கள் கேட்டது வேறொரு விலங்கை இல்லை, இதே டிராகனை வேறு நிலையில்.

கேட்பதற்கு இது எளிதான வேலை. முகம், செதில், வண்ணம் எல்லாம் ஏற்கெனவே தீர்மானமானவை. கை கால்களை வேறு பக்கம் திருப்பினால் புது சிற்பம் வந்துவிடும் என்றுதான் பட்டறையும் கணக்குப் போட்டது. மூன்று நிலைகள் முடிவாயின: சுருண்டு தூங்குவது, பாறையிலிருந்து பாய்வது, தரையிறங்குவது. பழைய அளவு விகிதமே இருக்க வேண்டும், பீடத்தின் விட்டமும் மாறக் கூடாது. அலமாரியில் பழையதன் பக்கத்தில் புதியதை வைத்தால் ஒரே குடும்பமாகத் தெரிய வேண்டும் என்பதுதான் இந்த நிபந்தனைகளின் காரணம்.

முதல் மாதிரிகளில் தெரிந்தது

அலுமினியக் கம்பியை முறுக்கி, மேலே பாலிமர் களிமண் அப்பிச் செய்த கையடக்க மாதிரிகள் மூன்றுமே எல்லோருக்கும் பிடித்திருந்தன. சிக்கல்கள் வெளியே வந்தது முழு அளவில் செய்த பிறகுதான்.

தூங்கும் டிராகனைப் பழைய உட்கார்ந்த டிராகன் பக்கத்தில் வைத்தபோது, பொதி கட்டுபவர் பார்த்துவிட்டு, "இது அதோட தம்பி மாதிரி இருக்கே" என்றார். முகம் அச்சு அசலாக அதே முகம். செதில் வரிசைகூட மாறவில்லை. ஆனாலும் அவர் சொன்னது எல்லோருக்கும் சரியென்றே பட்டது. என்ன வேறுபாடு என்று யாராலும் உடனே சொல்ல முடியாததால் நூலை வைத்து அளந்து பார்த்தோம்.

பழைய சிற்பத்தில் சிறகின் மிக நீண்ட விரல் எலும்பு எவ்வளவு நீளமோ, மடித்த சிறகில் அது கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. வௌவாலின் சிறகு மடியும்போது விரல்கள் குடைக் கம்பிகள் போல ஒன்றோடொன்று சேர்ந்து, முன்கையை ஒட்டிப் பின்னால் போகின்றன. சவ்வில் மீள்தன்மையுள்ள இழைகள் இருப்பதால் அது சுருங்கிக்கொள்ளும். எலும்பு சுருங்காது. அந்தக் கணக்கில் நம் டிராகன் சிறகை மடித்தால் விரல் நுனிகள் இடுப்பைத் தாண்டி வாலின் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அது பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று சிற்பி கையோடு குறைத்துவிட்டார்.

கழுத்திலும் இதே கதைதான். சுருண்ட கழுத்தை வளைவின் வெளிப்பக்கமாக அளந்து, அது பழைய கழுத்தின் நீளத்துக்குச் சரியாக வந்ததும் நிறுத்தியிருந்தார்கள். வளையும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் மடிகிறது. நடுவில் முதுகெலும்பு ஓடும் கோடு மட்டும்தான் நீளம் மாறாமல் இருக்கும். வெளிப்பக்கத்தை அளந்து நிறுத்தினால் உண்மையான கழுத்து குட்டையாகிவிடும். ஒரு குட்டிக் கழுத்தும் குட்டிச் சிறகும் சேர்ந்தால் பார்ப்பவர் மனசில் அது வயது குறைந்த விலங்கு. தம்பி என்று வாயில் வந்தது சும்மா இல்லை.

பாயும் டிராகனில் வேறு பிரச்சினை. நான்கு கால்களும் முன்னும் பின்னும் நீண்டு காற்றில் இருக்க, வால் மட்டும் பாறையைத் தொடும். படம் எடுத்தால் மூன்றிலும் இதுதான் அழகு. இதில் முதலில் எழுந்த விவாதம் உடலியல் பற்றியது. குதிரை நாலுகால் பாய்ச்சலில் எல்லாக் கால்களையும் நீட்டியபடி காற்றில் மிதப்பதாகத்தான் ஓவியர்கள் நெடுங்காலம் வரைந்தார்கள். 1878ல் எட்வர்ட் மைபிரிட்ஜ் எடுத்த தொடர் புகைப்படங்களில், குதிரையின் நான்கு கால்களும் தரையை விட்டிருக்கும் கணத்தில் அவை வயிற்றுக்குக் கீழே கூடியிருப்பது தெரிந்தது. அதனால் இந்த நிலையே தப்பு என்றார் வண்ணக்காரர். சிற்பி ஒப்புக்கொள்ளவில்லை. சிறுத்தைக்கு முதுகெலும்பு நன்றாக வளையும், அது கால்களைக் கூட்டியும் மிதக்கும், நீட்டியும் மிதக்கும், நம் விலங்கு குதிரையைவிடச் சிறுத்தைக்குத்தான் பக்கம் என்றார். என் பார்வையில் அவர் சொன்னதுதான் சரி.

விவாதத்தை முடித்து வைத்தது வேறொன்று. சோதனைக்காக வார்த்து மேசையில் வைத்திருந்த பாயும் டிராகன் சில நாட்களில் மூக்கைத் தாழ்த்த ஆரம்பித்தது. உடையவில்லை, விரிசலும் இல்லை. மெதுவாகக் குனிந்துகொண்டே போனது. பாரம் தொடர்ந்து ஒரு பக்கமாக இழுத்தால் ரெசின் மிகச் சிறிய அளவில் நீண்டுகொண்டே இருக்கும். வெப்பம் கூடினால் அது வேகமாகும். பல சாதாரண வார்ப்பு ரெசின்கள் 50 முதல் 80 டிகிரி செல்சியசுக்குள்ளேயே பாரம் தாங்காமல் இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மேசையில் நாட்கணக்கில் நடந்தது, பொதிக்குள் ஒரு மத்தியானத்தில் நடந்துவிடும்.

தரையிறங்கும் டிராகனில் குறை சொல்ல எதுவும் கண்ணில் படவில்லை. அளவு சரி, பாரமும் நின்றது. ஆனால் வேலையில் சம்பந்தப்படாத சிலரிடம் காட்டி, "இது என்ன செய்கிறது?" என்று மட்டும் கேட்டபோது ஒரு பகுதியினர் இறங்குகிறது என்றார்கள், ஒரு பகுதியினர் கிளம்புகிறது என்றார்கள். ஒருவர் கயிற்றில் தொங்குகிறது என்றார். அவர் சொன்னதுதான் உண்மைக்கு மிகப் பக்கம். உடல் தரைக்கு இணையாக இருந்தது, சிறகுகள் மேலே தூக்கியிருந்தன, பின்கால் நகங்கள் பாறையைத் தொட்டன. வேகத்தைக் குறைக்கிற வேலையை உடலில் எந்த உறுப்பும் செய்யவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு எலும்பு அட்டவணை. பழைய சிற்பத்தின் ஒவ்வொரு எலும்பையும் அளந்து, அந்த நீளத்துக்குக் கம்பித் துண்டுகளை வெட்டி, மூட்டுகளில் மட்டும் வளையும்படி ஒரு எலும்புக்கூடு செய்தார்கள். இனி எந்த நிலைக்கும் இந்தக் கம்பிகளின் நீளத்தை மாற்றக் கூடாது. களிமண் அதன் மேல்தான் ஏறும். கணினியில் உருவம் செய்பவர்களுக்கு இது தேவையில்லையே என்று தோன்றலாம். அங்கேயும் உருவத்தை வளைக்கும்போது மூட்டுகளில் சதை அமுங்கிக் கன அளவு குறைவதும், பிறகு அதைச் சரிசெய்யும் சாக்கில் நீளங்கள் நகர்வதும் நடக்கிறது.

அட்டவணைப்படி தூங்கும் டிராகனைத் திரும்பச் செய்தபோது, எதிர்பார்த்தபடியே சிறகு நுனிகள் இடுப்பைத் தாண்டி நீண்டன. அவற்றை மறைக்காமல் வடிவத்துக்குள் சேர்த்துக்கொள்வது என்று சிற்பி முடிவு செய்தார். வால் சுற்றி வரும் பாதையை மாற்றி, வால் நுனி சிறகு விரல்களுக்கு அடியில் போய் முடியும்படி செய்தார். விரல்கள் வாலின் மேல் படிந்தன. முதலில் வெறும் உருண்டையாக இருந்த வடிவத்துக்கு இப்போது ஒரு நீண்ட கோடு கிடைத்தது. குறையென்று நினைத்து வெட்டியதுதான் கடைசியில் அந்தச் சிற்பத்தின் சிறப்பான பகுதியானது.

அடுத்து வந்தது கொஞ்சம் நுணுக்கமான கேள்வி. நீளங்கள் ஒத்துப்போனாலும், அதே விலங்கு என்று வேறு எதை வைத்துச் சொல்வது? பழைய சிற்பத்தில் தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அதே சாய்வை எல்லாவற்றிலும் வைக்கலாம் என்றார் வண்ணக்காரர். சிற்பிக்கு அது முத்திரை குத்துவது போலப் பட்டது. நீண்ட பேச்சுக்குப் பிறகு, அந்தச் சாய்வு எங்கிருந்து வருகிறது என்று பழைய சிற்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்திருக்கும்போது பாரம் முழுக்க இடது இடுப்பில் இறங்கியிருந்தது. முதுகெலும்பு அதற்கேற்ப வளைந்து, கடைசியில் தலையும் சாய்ந்திருந்தது. ஒரு காலில் பாரத்தைப் போட்டால் இடுப்பு ஒரு பக்கமும் தோள் எதிர்ப்பக்கமும் சரிவதை நம் செப்புத் திருமேனிகளின் திரிபங்கத்தில் காண்கிறோம். நாலுகால் விலங்குக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். ஆகவே தக்கவைக்க வேண்டியது தலைச் சாய்வை விட, இடப்பக்கம் பாரம் போடும் பழக்கத்தை என்று முடிவானது. தூங்கும்போது இடப்பக்கமாகப் படுத்திருக்கும். இறங்கும்போது இடது பின்கால் முதலில் ஊன்றும். தலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம். இந்த முழு வேலையில் எடுத்த முடிவுகளில் இதுதான் முக்கியமானது என்று நினைக்கிறேன். பார்ப்பவர்கள் யாரும் இதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை, ஆனால் தம்பி என்ற பேச்சு அதோடு நின்றது.

தரையிறங்கும் நிலையில் வேறொரு கணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பறவை இறங்கும்போது உடலை நிமிர்த்தி, சிறகுகளை அகல விரித்துக் காற்றுக்கு எதிராகத் தடுப்பாக நிறுத்தி, கால்களை முன்னால் நீட்டும். அதன்படி உடல் கிட்டத்தட்டச் செங்குத்தானது. சிறகுகள் முன்னோக்கி வந்தன. பாதம் தொடும் கணத்தை விட்டுவிட்டு, தொட்ட பிறகு முழங்கால் மடங்கிப் பாரத்தை வாங்கும் கணத்தை எடுத்துக்கொண்டார்கள். இங்கே ஒரு சிக்கல்: நிஜ முதுகெலும்பிகள் எதற்கும் ஆறு உறுப்புகள் கிடையாது. சிறகும் முன்காலும் ஒரே நேரத்தில் முன்னால் வந்தால் தோளில் இரண்டுக்கும் இடம் போதவில்லை. தோள்பட்டை எலும்பு காலோடு சேர்ந்து முன்னால் சரியும், சிறகின் அடி இருந்த இடத்திலேயே இருக்கும் என்று ஒரு விதி வகுத்துக்கொண்டு, முன்கால்களில் ஒன்றை மார்போடு மடித்தார் சிற்பி. பிறகு காட்டியபோது, இறங்குகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பாயும் நிலையை என்ன செய்வது என்பதில்தான் ஒத்த கருத்து வரவில்லை. விற்பனை பார்ப்பவர் அதை விட மனமில்லாமல் இருந்தார். அவர் பக்கம் நியாயமும் இருந்தது, புதிய வரிசைக்கு முகமாக வைக்கத் தகுந்த படம் அதுதான். வயிற்றைத் தாங்க ஒளி புகும் அக்ரிலிக் தண்டு வைக்கலாமா, பாறையை உயர்த்தலாமா என்றெல்லாம் பேசினார்கள். மாட்ரிட்டில் 1640ல் முடிந்த நான்காம் பிலிப்பு மன்னரின் குதிரைச் சிலையைச் சிற்பி உதாரணம் காட்டினார். பியெத்ரோ தாக்கா செய்தது. குதிரை பின்கால்களில் எழுந்து நிற்க, வாலும் தரையைத் தொட்டுத் தாங்கும். முன்பகுதியை மெல்லிய கூடாகவும் பின்பகுதியைக் கனமாகவும் வார்த்ததால் அது நிற்கிறது. அங்கே பொருள் வெண்கலம், இங்கே ரெசின். சமநிலைக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான் என்றாலும், வெண்கலம் வண்டிச் சூட்டில் குனியாது. வாலுக்குள் எஃகுக் கம்பி போட்டால் குனிவது நிற்கும், ஆனால் கம்பியைச் சுற்றியிருக்கும் மெல்லிய ரெசின் நாளடைவில் விரிசல் விடலாம் என்று நான் சொன்னேன். கடைசியில் அந்த நிலை இந்த வரிசையிலிருந்து எடுக்கப்பட்டது.

அச்சும் வார்ப்பும்

இறங்கும் டிராகனுக்கு இரண்டு பின்கால்கள், வால் என்று மூன்று ஊன்றுகோல்கள். பீடத்தில் ஒட்டியபின் பாரமையம், அதாவது எடை முழுவதும் கூடியிருப்பதாகக் கொள்ளும் புள்ளி, பீடத்துக்குள் எங்கே விழுந்தாலும் சிற்பம் கவிழாது. ஆனாலும் அது அந்த முக்கோணத்துக்குள்ளேயே விழ வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தோம். அப்போதுதான் கால்கள் வளையும் திசையில் இழுபடாமல் நேராக அமுங்கும், ரெசின் குனியாது. பார்க்கிற கண்ணும் அதைத்தான் தேடும். சோதனை வார்ப்பை ஒரு புள்ளியில் நூலால் தொங்கவிட்டுத் தூக்குக் குண்டின் கோட்டைக் குறித்து, வேறொரு புள்ளியில் தொங்கவிட்டு இன்னொரு கோடு குறித்தால் இரண்டும் வெட்டும் இடம் பாரமையம். முதலில் அது முக்கோணத்துக்கு முன்னால் விழுந்தது. கழுத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்ததும் சரியாகிவிட்டது, பதற்றமான முகபாவமும் அதோடு கிடைத்தது. கால்களுக்குள் பித்தளைக் கம்பியை அச்சிலேயே வைத்து வார்த்தோம்.

சிறகுகளைத் தனியாக வார்த்து ஒட்டுவது என்று முடிவு செய்தோம். தூங்கும் டிராகனில் சிறகுக்கும் விலாவுக்கும் நடுவில் இருந்த இடுக்கு மிகக் குறுகல். அதற்குள் போகும் சிலிகான் தகடு போல மெல்லியதாகி, சில வார்ப்புகளிலேயே கிழிந்துவிடும். தனித்தனியாக வார்த்தால் அந்த இடுக்கே அச்சில் இல்லை. பொருத்தும் முளை வட்டமாக இருந்தால் சிறகு சுழன்று கோணம் மாறும், அதனால் சதுர முளை. இணைப்புக் கோடு ஒரு செதில் வரிசையின் ஓரத்தில் மறையும்படி சிற்பி அந்த வரிசையையே கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார்.

சிறகு நுனிகள் அடிக்கடி வளைந்து வந்தன. பாலியூரிதேன் இறுகும்போது தானே வெளிவிடும் சூட்டில்தான் சீக்கிரம் கெட்டியாகிறது. தடித்த உடல் கெட்டியாகிவிட்ட நேரத்தில் மெல்லிய நுனியில் அந்தச் சூடு சேராததால் அது இன்னும் மெத்தென்றே இருக்கும். உடலைத் தொட்டுப் பார்த்து அச்சைத் திறந்தால் நுனி வளையும். சிறகு அச்சுகளைத் திறக்க அதிக நேரம் விட்டு, எடுத்த பிறகும் ஒரு தாங்கியில் தட்டையாக வைத்ததில் இது தீர்ந்தது.

பின்விளைவு

இரண்டு நிலைகளும் ஒன்றாக வெளியாயின. இறங்கும் டிராகன் வேகமாகப் போனது. தூங்கும் டிராகன் ஆரம்பத்தில் மந்தம். முன்பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் அது ஒரு மேடு போலத்தான் தெரிந்தது, சிறகு விரல்களின் நீண்ட கோடு மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். சற்று உயரத்திலிருந்து எடுத்த படங்களைப் போட்ட பிறகு கேட்பவர்கள் கூடினார்கள். இப்படியொரு சிற்பத்தை எந்த உயரத்து அலமாரியில் வைப்பார்கள் என்பதை வடிவமைக்கும்போதே யோசித்திருக்கலாம்.

முதல் வரிசையில் சிறகு நுனி உடைந்து போய்ச் சேர்ந்த புகார்கள் அவ்வப்போது வரும். இந்த வரிசையில் அது வெகுவாகக் குறைந்தது. குனிந்துவிட்டது என்ற புகார் ஒன்றுகூட வரவில்லை. மாறாக, இணைப்புக் கோடு தெரிகிறது என்று சிலர் எழுதினார்கள். முளையைச் சுற்றி நிரப்பிய பசை காய்ந்து சுருங்கி, மேலே தீட்டிய வண்ணத்தில் மயிரிழை போல ஒரு கோடு வந்திருந்தது. நிரப்பிய பிறகு ஒரு நாள் விட்டு, தேய்த்து, அப்புறம் வண்ணம் தீட்டுவது என்று வேலை வரிசையை மாற்றினார்கள். தனித்தனியாக வார்ப்பதாலும் ஒட்டுவதாலும் ஒவ்வொரு சிற்பத்துக்கும் ஆகும் வேலை கூடியது உண்மை. விற்பனை பார்ப்பவர் இன்றுவரை இதைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு முறை செய்தால்

எலும்பு அட்டவணையை முதல் சிற்பம் செய்யும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். முடிந்த சிற்பத்தின் மேல் நூல் வைத்து எலும்பைத் தேடுவதில் பாதி ஊகம்தான். களிமண் ஏறுவதற்கு முன் கம்பியை அளப்பது சில நிமிட வேலை.

கையடக்க மாதிரியிலேயே ஒரு சோதனை வார்ப்பு எடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. பாரமையத்தைக் கண்டுபிடிக்க அது போதும், குனிவதைக் கண்டுபிடிக்கப் போதாது. உருவத்தைப் பாதி அளவாகக் குறைத்தால் எடை எட்டில் ஒரு பங்காகும், வாலின் குறுக்குப் பரப்பு நாலில் ஒரு பங்காகத்தான் குறையும் என்பதால் வாலின் மேல் விழும் அழுத்தம் பாதியாகிவிடும். சின்னதில் நின்றது பெரியதில் நிற்கும் என்று நம்ப முடியாது. எனவே ஒற்றை ஊன்றுகோல் கொண்ட எந்த நிலைக்கும் முழு அளவு வார்ப்பை வெதுவெதுப்பான இடத்தில் சில நாட்கள் நிறுத்திப் பார்த்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போவது என்று முடிவாகியிருக்கிறது.

வெளி ஆட்களிடம் கேட்கும் கேள்வியையும் மாற்றிவிட்டார்கள். "பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "இது என்ன செய்கிறது, ஒரு நொடிக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தது?" என்று கையடக்க மாதிரி நிலையிலேயே கேட்பது இப்போது வழக்கம்.

பாயும் நிலை முழுதாகக் கைவிடப்படவில்லை. அதே அளவுக் கணக்கை மறுபக்கமாகப் பார்த்தால், பாதி அளவில் அந்த வால் தாங்கிவிடும் என்று சிற்பி சொல்கிறார். அதைத் தனிச் சிறு வரிசையாகக் கொண்டுவரலாம் என்பது அவருடைய எண்ணம். பழைய டிராகன் பக்கத்தில் வைத்தால் மறுபடியும் தம்பி ஆகிவிடுமே என்று வண்ணக்காரர் தயங்குகிறார். மூன்று டிராகன்களையும் சிறிய அளவில் திரும்பச் செய்வதா, பாயும் ஒன்றை மட்டும் செய்வதா என்பது இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.